உங்கள் பேங்க் அக்கவுண்ட்டை வாடகைக்குக் கேட்கிறார்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் எடுத்தாயிற்று. இமெயில் முகவரி ஒன்று உருவாக்கி, பேஸ்புக், டெலிகிராம் என்று இரண்டு மூன்று இடங்களில் பெயரையும் பதிந்தாயிற்று. இனி உங்கள் திரையில் ஒரு விளம்பரம் எட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். முதலீடு தேவையில்லை. டைப்பிங் தெரிய வேண்டாம். பேங்க் அக்கவுண்ட் ஒன்று இருந்தால் போதும்."

டைப்பிங் வேண்டாம், டேட்டா என்ட்ரி வேண்டாம், அக்கவுண்ட் மட்டும் போதும் என்றால் அது என்ன வேலை? உங்கள் பெயரையும் அடையாளத்தையும் அவர் விலைக்குக் கேட்கிறார் என்றுதான் பொருள். நம் பெயருக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று சிரிக்காதீர்கள். இன்றைக்கு அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஆன்லைன் சூதாட்டத் தளங்கள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களில் ஒருவருக்கு நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால், பணம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு எப்படிப் போகிறது, போகும் வழியில் யார் யாருடைய அடையாளத்தைப் பார்க்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணி ஆர்டர் முதல் யு.பி.ஐ. வரை

மலையில் மரவள்ளியும் சாமையும் விளைந்தாலும், வருடத்தில் சில மாதங்கள் கேரளா, கர்நாடகா என்று தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அங்கே நிறையப் பேர். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் மணி ஆர்டராக வரும். தபால்காரர் வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். எழுதத் தெரியாதவர் என்றால் சாட்சி வைத்துக் கைநாட்டு. தபால்காரருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்பதால் ஆள்மாறாட்டம் அவ்வளவு சுலபமில்லை. அடையாளச் சரிபார்ப்பு முழுவதும் அவர் கண்ணிலேயே முடிந்துவிடும்.

பிறகு பேங்க் வழி வந்தது. நெஃப்ட் 2005இல் தொடங்கியது. உடனுக்குடன் பணம் போய்ச் சேரும் ஐ.எம்.பி.எஸ். 2010இல் வந்தது. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு டீக்கடையில்கூட க்யூ.ஆர். கோடு ஒட்டிவிட்டார்கள். தபால்காரரும் மாறிவிட்டார். 2018 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் வழியாக, வீட்டு வாசலிலேயே விரல் ரேகை வைத்து ஆதாருடன் இணைந்த அக்கவுண்ட்டிலிருந்து பணம் எடுக்கலாம். சிக்னல் கிடைத்தால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் அது பெரிய "ஆல்".

அக்கவுண்ட் இல்லாதவர், அல்லது ஸ்மார்ட்போன் இல்லாதவர், பணம் அனுப்பும் கடைக்குப் போகிறார். கையில் இருக்கும் ரொக்கத்தைக் கொடுத்தால், கடைக்காரர் பேங்க் ஏஜென்ட் என்ற முறையில் ஊரில் இருக்கும் அக்கவுண்ட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்பெல்லாம் போன் நம்பரைச் சொன்னால் வேலை முடிந்துவிடும். ரிசர்வ் பேங்க் 2024 ஜூலையில் விதியை இறுக்கியது. 2024 நவம்பர் 1 முதல், ரொக்கம் கட்டி அனுப்புகிறவர் சரிபார்த்த மொபைல் எண்ணையும் அரசு ஏற்கும் அடையாள ஆவணம் ஒன்றையும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு உண்டு. கடையில் "ஆதார் கொண்டுவாங்க" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அவர் சொந்தமாக வைத்த சட்டமில்லை.

வெளிநாட்டிலிருந்து வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகள் வழியாக வரும் பணத்திற்கும் வரம்பு இருக்கிறது. ஒரு தடவைக்கு 2,500 டாலர். ஒருவர் வருடத்திற்கு 30 தடவை பெறலாம். ரொக்கமாகக் கையில் தருவது 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் போனால் அக்கவுண்ட்டில்தான் வரவு வைப்பார்கள். இந்த வழியில் பணம் உள்ளே வரலாம். இங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது.

கே.ஒய்.சி. எதைப் பார்க்கிறது?

உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள் என்று பேங்குகளுக்குச் சொல்வதுதான் கே.ஒய்.சி. இதற்குச் சட்ட அடிப்படை 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பணமோசடித் தடுப்புச் சட்டம். அக்கவுண்ட் திறக்கும்போது ஆதார், பான், போட்டோ கேட்கிறார்களே, அதுதான் இது. 2020 முதல் வீடியோ கால் மூலமாகவும் இதை முடிக்கலாம்.

ஆவணம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போட்டோவும் கையெழுத்தோ கைநாட்டோ கொடுத்து "சிறு கணக்கு" தொடங்கலாம். ஆனால் அதில் வருடத்திற்கு ஒரு லட்சத்திற்கு மேல் வரவு வரக் கூடாது. எப்போதும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. மாதம் 10,000 வரைதான் எடுக்கலாம். அடையாளம் உறுதியாகாதவரை பணமும் சிறியதாகவே இருக்கட்டும் என்பது கணக்கு. நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சரிபார்ப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது என்பதை கே.ஒய்.சி. நன்றாகவே பார்க்கிறது. ஆனால் திறந்த பிறகு அதை யார் இயக்குகிறார் என்பது அதற்குத் தெரியாது. ஏ.டி.எம். கார்டு, அதன் பின் நம்பர், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட், ஓ.டி.பி. வரும் சிம் கார்டு, இந்த நான்கும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள். அவர் துபாயில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

சூதாட்டத்தை நிறுத்த, பணத்தை நிறுத்து

வெளிநாட்டில் இருக்கும் வெப்சைட்டைப் பிடிப்பது கஷ்டம். ஒன்றை முடக்கினால் அடுத்த நாள் வேறு பெயரில் வரும். அதனால் அரசாங்கங்கள் அதற்குப் போகும் பணக் குழாயை அடைக்கப் பார்க்கின்றன. அமெரிக்கா 2006 அக்டோபரில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மூன்றே மாதத்தில், 2007 ஜனவரியில், சூதாட்டக்காரர்கள் மிகவும் பயன்படுத்திய நெட்டெல்லர் என்ற பணப் பரிமாற்ற கம்பெனியைத் தொடங்கிய இருவரைக் கைது செய்தார்கள். அந்த வருடம் ஜூலையில் கம்பெனி 13.6 கோடி டாலரை அரசிடம் ஒப்படைக்கச் சம்மதித்தது. சூதாட்டத் தளம் நடத்தியதற்காக வந்த வழக்கு இல்லை இது. அதற்குப் பணம் கடத்திக் கொடுத்ததற்கான வழக்கு என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021இல் அது சட்டமாகி, அதே வருடம் ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, 2022இல் புதிய மசோதா நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்தச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சூதாட்டத்திற்குப் பணம் போக பேங்குகளும் பேமெண்ட் கேட்வேக்களும் உதவக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது.

அதன் பிறகு அரசு அடையாளச் சரிபார்ப்பைக் கையில் எடுத்தது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் வெளியிட்டது. பணம் கட்டி ஆடுகிறவருக்கு ஆதார் மூலம் கே.ஒய்.சி. கட்டாயம், 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஆதார் கேட்பது தனியுரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2025 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மூன்றே மாதத்திற்குள் காட்சி மாறிவிட்டது. பாராளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்ற, 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் நடத்துவதற்கு இந்தச் சட்டம் தடை சொல்கிறது. நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். இதற்காகப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவருக்கும் அதே அளவு. பெரிய இந்திய கம்பெனிகள் அந்த வாரமே பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன.

இந்திய கம்பெனிகள் நிறுத்திவிட்டன, சரி. வெளிநாட்டுத் தளங்கள்? ஆடுகிறவரிடம் அவை ஆதார் கேட்பதில்லை. பான் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு கஷ்டம் உண்டு. இந்தியாவில் ஆடுகிறவர் ரூபாயில்தான் பணம் கட்டுவார். அந்த ரூபாயை வாங்கிக்கொள்ள இந்திய பேங்க் அக்கவுண்ட் வேண்டும். அந்தத் தளத்தின் பெயரில் எந்த பேங்கும் அக்கவுண்ட் தராது. ஆக, கே.ஒய்.சி. முடித்த இன்னொருவரின் அக்கவுண்ட் வேண்டும். ஆடுகிறவரிடம் கேட்காத அடையாளத்தை, ஆட்டத்திற்கே சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாடகைக்கு வாங்குகிறார்கள்.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சைபர் கிரைம் ஒருங்கிணைப்பு மையம் 2024 அக்டோபர் கடைசியில் வெளியிட்ட எச்சரிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. பேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் தேடிப் பிடித்துப் பிறருடைய சேமிப்புக் கணக்குகளையும் கரண்ட் அக்கவுண்ட்களையும் சேர்க்கிறார்கள். அவற்றை வெளிநாட்டிலிருந்தே இயக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான அக்கவுண்ட்களை ஒன்றாகக் கோத்துக் கள்ள பேமெண்ட் கேட்வேயாக மாற்றி, சூதாட்டத் தளங்களுக்கும் போலி முதலீட்டுத் தளங்களுக்கும் கொடுக்கிறார்கள். பீஸ்பே, ஆர்.டி.எக்ஸ். பே, போக்கோபே, ஆர்.பி.பே என்று சில பெயர்களையும் அந்த எச்சரிக்கையில் சொல்லியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட அக்கவுண்ட்டுக்கு "மியூல்" அக்கவுண்ட் என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. முதுகில் இருக்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று கழுதைக்குத் தெரியாது. பெயர் வைத்தவர் கொஞ்சம் கரடுமுரடான ஆள்தான், ஆனால் பொருத்தம்.

ஒரு மாணவரின் ஸ்டேட்மெண்ட்

இப்போது அந்தப் பையன் கதை. மலையிலிருந்து வந்து காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறார். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார்.

"சார், என் அக்கவுண்ட்ல பணம் எடுக்க முடியல. பேலன்ஸ் காட்டுது. ஆனா எடுக்கப் போனா எர்ரர் வருது."

"யாருக்காவது ஏ.டி.எம். கார்டு கொடுத்தியா தம்பி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கேட்டாரு சார். அவங்க கம்பெனிக்கு டாக்ஸ் பிரச்சினையாம். மூணு மாசத்துக்கு மட்டும்னாரு. கையில ரெண்டாயிரம் கொடுத்தாரு. புதுசா ஒரு சிம்மும் என் பேர்ல வாங்கச் சொல்லி வாங்கிக்கிட்டாரு."

சென்டரில் இருந்த கம்ப்யூட்டரிலேயே நெட் பேங்கிங் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய முயன்றோம். ஓ.டி.பி. அந்தப் புது சிம்முக்குப் போனது. மறுநாள் பேங்க்குக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்தார். பாஸ்புக் பக்கங்கள் போதவில்லை என்று பேப்பரில் ஸ்டேட்மெண்ட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

பார்த்தால் 300, 500, 1,000, 500, 2,000 என்று வரவுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு பெயர். குஜராத்திப் பெயர், பீகாரிப் பெயர், தெலுங்குப் பெயர். அநேகமாக எல்லாம் ராத்திரி நேரம். இருபது முப்பது வரவு சேர்ந்ததும் ஒரே பெரிய தொகையாக வெளியே போயிருக்கிறது, அதுவும் சில நிமிடத்திற்குள். பத்தொன்பது நாள் இப்படி ஓடியிருக்கிறது. நடுவில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த 1,000 ரூபாயும், குடகில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா மெஸ் பில்லுக்கு அனுப்பிய பணமும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தன. கடைசியில் அக்கவுண்ட் முடக்கம்.

"நான் ரம்மிகூட ஆடினதில்ல சார்" என்றார். உண்மைதான். ஆடியிருந்தால் சொந்தப் பணம் மட்டும்தான் போயிருக்கும்.

புகார் வேறு மாநிலத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது என்று பேங்கில் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பேங்க் எதுவும் செய்ய முடியாது. அந்த ஸ்டேஷனுக்கு இமெயில் எழுத நான் உதவினேன். இரண்டாயிரம் வாங்கியதையும் கார்டு கொடுத்ததையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். மறைத்தால் பின்னால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும். அந்த அண்ணனின் போன் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப். அவருக்கும் மேலே யாரோ இருப்பார்கள். ஒரு அக்கவுண்ட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஆள்தான் அவர் என்பது என் ஊகம்.

மலையில் ஒரு வீட்டுக்கு பேங்க் அக்கவுண்ட் முடங்குவது என்ன என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. நமக்கு இரண்டு மூன்று அக்கவுண்ட் இருக்கும். அங்கே ஸ்காலர்ஷிப், உரிமைத் தொகை, கூலி எல்லாம் ஆதாருடன் இணைந்த ஒரே அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். பஸ் பிடித்து இறங்கி வந்து பேங்கில் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

முடக்கம் எப்படிப் பரவுகிறது?

ஏமாற்றப்பட்டவர் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் பணம் முதலில் போன அக்கவுண்ட், அங்கிருந்து போன அடுத்த அக்கவுண்ட், அதற்கும் அடுத்தது என்று சங்கிலியாகத் தேடிக்கொண்டே போய் பேங்குகளுக்குத் தகவல் போகும். பணம் எங்கே நிற்கிறதோ அங்கே பிடித்து வைப்பார்கள். போலீசுக்கு அக்கவுண்ட்டை முடக்கும் அதிகாரம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த மாநிலப் போலீசும் எந்த ஊர் அக்கவுண்ட்டையும் முடக்கலாம்.

ஆடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கள்ளத் தளத்தில் ஜெயித்து 5,000 ரூபாய் "வித்ட்ரா" செய்தால், அந்தப் பணம் வருவதும் இதே மாதிரி ஒரு வாடகை அக்கவுண்ட்டிலிருந்துதான். அதே அக்கவுண்ட்டில், போலி முதலீட்டில் ஏமாந்த யாரோ ஒரு ரிடையர்டு வாத்தியாரின் பணமும் கலந்திருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் சங்கிலியில் உங்கள் அக்கவுண்ட்டும் மாட்டும். தோற்றாலும் நஷ்டம், ஜெயித்தாலும் ஆபத்து.

தெரியாமல் செய்தேன் என்றால் விட்டுவிடுவார்களா? தெரிந்தே உதவினால் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 3 முதல் 7 வருடம் வரை சிறை. தெரியாது என்று சொல்பவர், காசு வாங்கிக்கொண்டு ஏ.டி.எம். கார்டைக் கொடுத்தது எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கும். ரிசர்வ் பேங்க்கின் இன்னவேஷன் ஹப், இப்படிப்பட்ட அக்கவுண்ட்களைக் கண்டுபிடிக்க மியூல் ஹன்டர் என்ற சாப்ட்வேரை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. ஸ்டேட்மெண்ட்டில் நான் கண்ணால் பார்த்த அந்த வடிவத்தை, கம்ப்யூட்டரால் இன்னும் சீக்கிரம் பார்த்துவிட முடியும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே பார்க்க வேண்டியவை

அக்கவுண்ட்டை யாருக்கும் கொடுக்காவிட்டாலும், உங்கள் ஆவணங்களை வைத்து வேறு யாராவது ஏதாவது தொடங்கியிருக்கலாம். அதைச் சோதிக்கும் வசதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் சிம் கார்டு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திற்குச் செல்லுங்கள். உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. டைப் செய்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இருக்கலாம். நீங்கள் வாங்காத எண் ஏதாவது இருந்தால், "என் எண் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுக்கலாம். வீட்டில் உள்ள எல்லார் பெயரிலும் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன மாணவர் பெயரில் அவருக்கே தெரியாமல் இன்னும் ஒரு சிம் இருந்ததை இதில்தான் கண்டுபிடித்தோம்.

அடுத்து ஆதார். ஆதார் தளத்தில் லாக் இன் செய்து "ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி" என்பதில் கிளிக் செய்திடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கே, எந்தத் தேதியில், விரல் ரேகை மூலமா ஓ.டி.பி. மூலமா சரிபார்த்தார்கள் என்று 50 பதிவுகள் வரை காட்டும். அதே தளத்தில் விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. பூட்டிவிட்டால் ரேஷன் கடையிலும் தபால்காரரிடமும் ரேகை வேலை செய்யாது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். மலையில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிக்னல் இல்லாத இடத்தில் பூட்டைத் திறக்க முடியாமல் அரிசி வாங்காமல் திரும்புவார்கள்.

ஆதார் காப்பி கொடுக்க வேண்டிய இடங்களில் "மாஸ்க்டு ஆதார்" டவுண்லோட் செய்து கொடுங்கள். அதில் முதல் எட்டு எண்கள் மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும். பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போகிறீர்களா? வேலை முடிந்ததும் அந்த பி.டி.எப். பைலை டவுண்லோட்ஸ் போல்டரிலிருந்து நீக்கி, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கிவிட்டு வாருங்கள். பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்ட் என்பது ஊருக்கே தெரியும். சில சென்டர்களின் கம்ப்யூட்டரில் டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் பாதி ஊரின் ஆதார் அதில் இருக்கும்.

பணம் அனுப்பும்போது பெயரைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். முன்பு நெஃப்டில் அக்கவுண்ட் எண் மட்டும் சரியாக இருந்தால் போதும், நீங்கள் எழுதிய பெயரைச் சிஸ்டம் ஒப்பிட்டுப் பார்க்காது. 2025 ஏப்ரல் முதல், அனுப்புவதற்கு முன்பே அந்த அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை பேங்குகள் தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் சொல்லிவிட்டது. யு.பி.ஐ. ஆப்களும் 2025 ஜூன் 30 முதல் பேங்க்கில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும். ஒரு "கம்பெனி"க்குப் பணம் கட்டப் போகும்போது திரையில் ஏதோ ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால், மறுநாள் அதே கம்பெனிக்கு வேறு ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால், அங்கே நிறுத்திவிடுங்கள். அந்தப் பெயர் கள்ளக்குறிச்சிப் பையன் ஒருவரின் பெயராகக்கூட இருக்கலாம்.

உங்கள் போனில் வரும் எஸ்.எம்.எஸ்.களை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஆப்கள் இருக்கின்றன. "இந்த ஏ.பி.கே. பைலை இன்ஸ்டால் செய்யுங்கள், கமிஷன் தானாக வரும்" என்று யாராவது அனுப்பினால் அது பெரும்பாலும் இதற்காகத்தான். கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் சாப்ட்வேர் போடச் சொல்வதும் இந்த வகைதான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், அக்கவுண்ட் இன்னும் முடங்கவில்லை என்றால், இன்றே பேங்க்குக்கு நேரில் போய்க் கார்டையும் நெட் பேங்கிங்கையும் பிளாக் செய்யச் சொல்லி, பதிவான மொபைல் எண்ணையும் மாற்றுங்கள். எழுத்தில் கொடுத்து, காப்பியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். முடங்கிவிட்டது என்றால் பேங்கில் மூன்று விவரங்கள் கேளுங்கள்: எந்த மாநிலத்தில் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் அல்லது சைபர் செல், புகாரின் ஒப்புகை எண் என்ன, பிரச்சினைக்குரிய தொகை எவ்வளவு. முழு அக்கவுண்ட்டும் முடங்கியிருக்கிறதா, அந்தத் தொகை மட்டும் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தொகை சின்னதாக இருந்தால், அதை மட்டும் பிடித்து வைத்து மீதியை விடுவிக்கும்படி அந்த ஸ்டேஷனுக்கு எழுதலாம். ஸ்டேட்மெண்ட், அடையாள ஆவணம், நடந்ததைச் சொல்லும் கடிதம் மூன்றையும் ஸ்கேன் செய்து இணையுங்கள். அந்த மாணவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஸ்காலர்ஷிப் இனிமேல் வேறு அக்கவுண்ட்டுக்கு வர, ஆதார் இணைப்பை மாற்ற வேண்டும். அதற்கான பாரம் தபால் ஆபீஸிலேயே கிடைத்தது.